எத்தனை இலை விழும்? சிறிய உல்லாசக் கப்பல் எப்படி இயங்குகிறது

ஜோகூரின் பெக்கான் நானாஸில் கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசப் போனால், சமையல்காரர் எடுத்ததும் கேட்பது சாம்பாரா மோர்க்குழம்பா என்பதை அல்ல. "எத்தனை இலை விழும்?" என்றுதான் கேட்பார். அந்த எண் கையில் வந்தால் அரிசி எத்தனை மூட்டை, எந்த அண்டா, உதவிக்கு எத்தனை பேர், எத்தனை பந்தி என்று மற்றதெல்லாம் அவர் மனக்கணக்கில் ஓடிவிடும். விடுமுறைக்குச் சிறிய கப்பலில் போக நினைப்பவர்களும் முதலில் கேட்க வேண்டியது இதையேதான். ஆனால் நாம் பால்கனி உண்டா, படுக்கை பெரிதா என்று படங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். கப்பலின் விலை, அது போகும் இடம், ஆட்டம், டாக்டர், காத்திருக்கும் நேரம் எல்லாமே தலைக்கணக்கிலிருந்து பிறக்கின்றன.

இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் மலேசியா–சிங்கப்பூர் இரண்டாவது பாலம் வழியாகச் சிங்கப்பூர் போய் ஏறும் கப்பல்கள் பெரும்பாலும் பெரியவை. ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் 2022 ஜூனிலிருந்து சிங்கப்பூரில் ஓட்டத் தொடங்கிய கெந்திங் டிரீம், அறைக்கு இருவர் என்றாலே 3,352 பேரை ஏற்றும். அது மண்டபம் நிறைந்த கல்யாண விருந்து. கேப்டன், என்ஜின் அறை ஆட்கள், ரேடார், துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஆகிய செலவுகள் நூறு பேர் வந்தாலும் மூவாயிரம் பேர் வந்தாலும் கப்பலுக்கு இருந்தே தீரும். மூவாயிரத்தால் வகுத்தால் இலைக்கு இவ்வளவு என்பது சின்னத் தொகையாகிவிடும். அதனால்தான் பெரிய கப்பல் மலிவு.

அதே வகுத்தலைச் சிறிய கப்பலுக்குப் போட்டுப் பாருங்கள். பிரெஞ்சு நிறுவனமான பொனானின் லெ லாபெரூஸில் 184 பேர். பாய்மரக் கப்பலான ஸ்டார் கிளிப்பரில் ஏறத்தாழ 170 பேர். 2023 ஜனவரி 13-இல் வாராணசியில் தொடங்கிவைக்கப்பட்டு, வங்காளதேசம் வழியாக, 51 நாள் பயணத் திட்டத்தில் திப்ருகர் போய்ச் சேர்ந்த கங்கா விலாஸில் 18 அறைகள், 36 பேர். சிறிய கப்பல் என்றால் டிக்கெட்டும் சிறிதாக இருக்கும் என்று நினைத்துப் போய் விலை கேட்டு மலைப்பவர்கள் பலர். ஒரு கேப்டனின் சம்பளத்தை 36 பேர் பகிர்கிறார்கள் என்பதை நினைத்தால் மலைப்பு பாதி குறையும். தனியாகப் போகிறவரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவதும் இதனால்தான்: அறைக்கு இரண்டு இலை என்று கணக்குப் போட்டுவிட்டார்கள், ஒன்று காலியாகப் போகிறது.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது? முதலில், ஆழமில்லாத இடத்துக்கும் போகும் வசதி. பெரிய கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குள் எட்டு மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும்; லாபெரூஸ் போன்றவற்றுக்கு ஐந்து மீட்டரை ஒட்டி. கங்கா விலாஸுக்கு 1.4 மீட்டர்தான், நெஞ்சளவுத் தண்ணீர். குக்கூப் மீனவக் கிராமத்துப் பக்கம் போயிருந்தால் இது உடனே புரியும். நீர் வற்றும் நேரத்தில் கால் நட்ட வீடுகளுக்கு அடியில் சேறு தெரியும். எதிரே, 2003-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலக் காட்டுத் தீவு. தஞ்சோங் பியாயில் நின்று பார்த்தால் பெரிய கப்பல்களெல்லாம் வெகு தொலைவில், ஆழமான நீரில்தான் நிற்கும். கரையை ஒட்டிய இத்தகைய உலகம் பெரிய கப்பல் பயணிக்குக் கண்ணில் படுவதே இல்லை. சிறிய கப்பலுக்குப் பணம் கொடுப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் முதல் காரணம் இதுதான். அதனால் ஒரு நிறுவனம் தன் கப்பலைச் சிறியது என்று சொல்லிவிட்டு, பெரிய கப்பல்கள் நிற்கும் அதே துறைமுகங்களிலேயே நிறுத்தினால், அந்தக் கூடுதல் விலைக்குப் பொருளில்லை. பயணத்திட்டத்தை எடுத்து, எத்தனை நாள் பெரிய கப்பல் நிற்க முடியாத இடத்தில் நிற்கிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள்.

அடுத்தது பந்தி: எத்தனை தடவையாகக் கரையில் இறக்குவார்கள் என்பது. கப்பல் நங்கூரம் போட்டதும் கரைக்குப் போவது காற்றடைத்த ரப்பர் படகில். ஏணியின் கடைசிப் படியில் நிற்கும்போது படகு ஒரு அடி மேலே வரும், ஒரு அடி கீழே போகும். படகோட்டி கை நீட்டுவார். அவர் விரல்களைப் பிடிக்கக் கூடாது, முன்கையைப் பிடிக்க வேண்டும். அவரும் உங்கள் முன்கையைப் பிடிப்பார். ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி நிற்கும். படகின் விளிம்பில் கால் வைத்து, உள்ளே இறங்கி, உட்கார்ந்தபடியே நகர வேண்டும். ஒரு படகில் பத்துப் பேர் அளவில்தான் ஏற்றுவார்கள். இப்போது 180 பேர் இப்படி இறங்க எவ்வளவு நேரமாகும், 90 பேர் இறங்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிடுங்கள்.

இந்தக் கணக்கு மிகக் கண்டிப்பாக நடக்கும் இடம் அண்டார்க்டிகா. அங்கே சுற்றுலா நடத்துவோரின் அனைத்துலகச் சங்கமான ஐயாட்டோவின் விதிப்படி, 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கவும் கூடாது. ஆக 95 பேர் கப்பலில் ஒரே பந்தி. 190 பேர் கப்பலில் முதல் பந்தி எழுந்த பிறகுதான் இரண்டாவது பந்திக்கு இலை. இரண்டுமே விளம்பரத்தில் சிறிய கப்பல்தான்! கொமோடோ தீவுகளோ அந்தமான் கடலோ, எங்கே போனாலும் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது: "எல்லோரும் சேர்ந்து இறங்குவோமா, பிரித்து இறக்குவீர்களா? கரையில் ஒருவருக்கு எவ்வளவு நேரம்?"

உள்ளே நடமாட எவ்வளவு இடம் என்பதற்கும் ஓர் எளிய வகுத்தல் உண்டு. கப்பலின் மொத்த டன் கணக்கைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இந்த டன் எடையைக் குறிப்பதல்ல, உள்ளிடத்தின் கொள்ளளவைக் குறிப்பது. கெந்திங் டிரீமில் தலைக்கு 45 அளவில் வரும், லாபெரூஸில் 54 அளவில். ஸ்டார் கிளிப்பர் 2,298 டன்தான், தலைக்கு 14 கூட வராது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பாய்மரக் கப்பலில் போகிறவர்கள் மேல்தளத்தில் காற்று வாங்கத்தான் போகிறார்கள். ஆனால் தெரிந்து போக வேண்டும். 1926-இல் கட்டிய ராஜுலாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் தாத்தா பாட்டிகளைச் சுமந்த அந்தக் கப்பல் 8,500 டன்னுக்கும் குறைவு, லாபெரூஸை விடச் சிறியது. அதில் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் பாய் விரித்து ஆயிரக்கணக்கில் வந்தார்கள். இன்று ஏறத்தாழ அதே அளவு இடத்தில் 184 பேர். தலைக்கணக்கு மாறினால் கப்பலே வேறாகிவிடுகிறது.

இனி ஆட்டம். சிறிய கப்பலை அலை அதிகம் தூக்கிப்போடும். எனவே பருவம் பார்க்காமல் தேதி போடக் கூடாது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கும். தியோமான் பக்கம் பல விடுதிகளே மூடிக் கிடக்கும். அதே மாதங்களில் லங்காவி, புக்கெட் பக்கம் அந்தமான் கடல் அமைதியாக இருக்கும். கொமோடோவுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட காலம் நல்லது. அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுத்தால் ஆட்டம் குறைவு. விலையும் அங்கேதான் குறைவாக இருக்கும்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று லிஃப்ட்: ஸ்டார் கிளிப்பரில் அது கிடையாது. சிறிய கப்பல்கள் பலவற்றில் மாடிப்படிதான். இன்னொன்று டாக்டர். கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2006-இன்படி, பணியாளர்களையும் சேர்த்து 100 பேருக்குக் குறையாமல் ஏற்றி, மூன்று நாளுக்கு மேல் அனைத்துலகப் பயணம் போகும் கப்பலில் தகுதி பெற்ற டாக்டர் இருக்க வேண்டும். நூறுக்குக் கீழே போனால் அந்தக் கட்டாயம் இல்லை. கொமோடோவுக்குப் புறப்படும் துறைமுகமான லபுவான் பாஜோவில் இருபது பேரை ஏற்றிப் போகும் பினிசி மரக்கப்பல் கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், இதய நோயாளியான அப்பாவை அதில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

சாப்பாட்டு விஷயத்தில் சிறிய அடுக்களைக்குத் தனிக் குணம் உண்டு. 184 பேருக்குச் சமைப்பவர் உங்கள் முகத்தை மறுநாளே நினைவில் வைத்துக்கொள்வார். சைவம் என்றால் உங்களுக்கென்று தனியாக ஒன்று செய்து தரவும் முடியும். ஆனால் சரக்கு ஏற்றுவது பெரும்பாலும் புறப்படும் துறைமுகத்தில்தான். நடுக்கடலில் போய், "முட்டை கூடச் சேர்க்க மாட்டோம், புரட்டாசி விரதம்" என்றால் அவர் என்ன செய்வார்? பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கும் இதுதான் வழி.

கடைசியாக அச்சாரம். பெரிய பெயர்களே சாய்ந்திருக்கின்றன. கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில் நொடித்தபோது, அதன் கையிலிருந்த கிரிஸ்டல் குரூசஸின் பயணங்களும் நின்றுபோயின. அமெரிக்காவில் ஆற்றுக் கப்பல்கள் ஓட்டிய அமெரிக்கன் குவீன் வோயேஜஸ் 2024 பிப்ரவரியில் மூடப்பட்டது. சிறிய கப்பல் பயணத்துக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே பணம் கேட்பார்கள். மலேசியாவில் 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற முகவர் மூலமாகவே வாங்குங்கள். கப்பல் நிறுவனம் நொடித்தால் இழப்பீடு தரும் பயணக் காப்புறுதியா என்று பத்திரத்தைத் திறந்து படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். விலையை ஒப்பிடும்போது துறைமுகக் கட்டணம், பணியாளர்களுக்கான அன்பளிப்பு, கரைச் சுற்றுலா, விமான டிக்கெட் எல்லாவற்றையும் கூட்டி, ஒருவருக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். எல்லாம் சேர்த்த விலை என்று முதலில் மிரட்டும் தொகை, இப்படி வகுத்ததும் பல நேரம் இறங்கி வரும்.

முதல் முறை போகும் குடும்பம் என்னிடம் கேட்டால் நான் சொல்வது: 150 முதல் 200 பேர் ஏறும் கப்பல், லிஃப்டும் டாக்டரும் உள்ளது, டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், அந்தமான் கடல் பக்கம். மரக்கப்பலும் கொமோடோவும் முழங்கால் நன்றாக இருக்கும் இளையவர்களுக்கு. கப்பல் சிங்கப்பூரில் புறப்படுவதாக இருந்தால், பள்ளி விடுமுறையில் இரண்டாவது பாலத்தின் குடிநுழைவு வரிசையை நம்பி அன்று காலை கிளம்ப வேண்டாம். முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள்.