ஆண்டிறுதி வகுப்பறைக் கோப்புகளும் கற்போர் மொழித் தரவும்

தமிழ் கற்பிக்கும் வகுப்பு ஒன்று ஓராண்டில் உருவாக்கும் எழுத்துப் பொருள் சிறிதன்று. வினாத்தாள், இருமொழிச் சொற்பட்டியல், மாணவர் எழுதிய கட்டுரை, வாசிப்பின் ஒலிப்பதிவு எனப் பலவும் அதில் அடங்கும். மார்ச்சு, ஏப்ரல் திங்களில் ஆண்டு முடிந்தபின் இவற்றுள் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. விடைத்தாள்கள் எடைக்குப் போடப்படுகின்றன. பள்ளிக் கணிப்பொறி துடைக்கப்படுகிறது. இடமாற்றம் பெற்ற ஆசிரியரின் கோப்புகள் அவருடனேயே சென்று மறைகின்றன. பிழைகளின் பயன் குறித்துப் பிட் கார்டர் 1967-இலும், இடைமொழி குறித்து லேரி செலிங்கர் 1972-இலும் எழுதிய கட்டுரைகளுக்குப் பின்னர், கற்போர் பிழை ஆய்வுக்குரிய சான்றாகவே கொள்ளப்படுகிறது. தில்லியில் தமிழ் பயிலும் மாணவரின் கட்டுரைகளும், மண்டல மொழி மையங்களில் தமிழ் கற்கும் பிறமொழி ஆசிரியரின் பயிற்சித்தாள்களும் அத்தகைய சான்றுகளே. அவற்றைக் காக்க உயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஆனால், காக்கும் முறையில் ஏற்படும் சிறு தவறு தரவையே பொய்யாக்கிவிடும்.

இதற்குப் பழைய எழுத்துருக் கோப்புகள் தக்க எடுத்துக்காட்டு. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும், அதற்கு முன்னர் உருவான பாடப்பொருள்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இன்றும் கையாளப்படுகின்றன. இவ்வகை எழுத்துருவில் கணிப்பொறி சேமித்து வைப்பது தமிழெழுத்தை அன்று. ஆங்கில எழுத்தையே சேமிக்கிறது. ‘தமிழ்’ என்னும் சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிவாகிறது. எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவ்வாறே தோன்றவும் செய்கிறது.

பாமினியில் எகரம் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘வி’யின் இடத்திலும், ஏகாரம் அதன் பேரெழுத்தின் இடத்திலும் அமைந்துள்ளன. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இவ்வாறே சிறிய, பெரிய ‘என்’ எழுத்துகளின் இடத்தில் உள்ளன. சொற்செயலியோ வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானே பேரெழுத்தாக்கும் இயல்புடையது. ஆகவே, வாக்கியத்தின் தொடக்கத்தில் மாணவர் ‘எடு’ என எழுதியதைத் தட்டச்சிட்டால் அது ‘ஏடு’ ஆகலாம். ‘கொடு’ என்பது ‘கோடு’ ஆகலாம். இந்தியில் எகர, ஒகரக் குறில்கள் தனி ஒலியன்கள் அல்ல. அதனால், இந்தி பேசுவோர் தமிழ் எழுதும்போது இக்குறில் நெடில் மயக்கம் இயல்பாகவே நேரும். பொறி செய்த பிழையும் கற்போர் செய்த பிழையும் இவ்வாறு ஒரே வடிவம் பெற்றுவிட்டால், பின்னர் வரும் ஆய்வாளர் அவற்றைப் பிரித்தறிய வழியில்லை. தானியங்குத் திருத்தத்தை முடக்கிய பின்னரே தட்டச்சிட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். கைப்பேசியில் சொல்லை ஊகித்து மாற்றும் வசதிக்கும் இது பொருந்தும். அது மாணவரின் பிழையைக் கேளாமலே திருத்திவிடும்.

இருமொழிச் சொற்பட்டியல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ் பாமினியிலும் இந்தி குருதிதேவ் எழுத்துருவிலும் இருப்பின், முழுக் கோப்பையும் ஒரே மாற்றியில் இடுவது இரண்டில் ஒன்றைச் சிதைக்கும். எழுத்துரு வாரியாகப் பகுதி பகுதியாக மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் வெற்றுரையாகச் சேமித்தலும் ஆகாது. எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருந்தது என்னும் குறிப்பே அதில் அழிந்துபோகும். மூலக் கோப்பு, எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். படி, ஒருங்குறிப் படி ஆகிய மூன்றையும் வைத்திருப்பதே முறை.

மாற்றிய பின்னும் சரிபார்ப்பு தேவை. பழைய எழுத்துருக்களில் கொம்பு மெய்க்கு முன் பதிவாகும். ஒருங்குறியில் ஒலி வரிசைப்படி மெய்க்குப் பின் பதிவாகும். இவ்விட மாற்றத்தில் மாற்றிகள் சில வேளை தடுமாறுகின்றன. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் எழுத இயலும். இவை நிகரானவை என ஒருங்குறி விதித்திருப்பதால் இயல்பாக்கம் செய்தால் ஒன்றாகிவிடும். ஔகாரத்தில் நேரும் பிழையோ அத்தகையதன்று. கொம்புக்காலின் இடத்தில் ளகரத்தை இட்டு ‘ஔவை’ என்பதை ‘ஒளவை’ என எழுதிவிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் தேடலில் அகப்படாது. சொல்லடைவு உருவாக்குவோர் இதனால் இடர்ப்படுவது உண்டு.

விடைத்தாள்களைப் படமெடுத்து வைத்தல் எளிது. கைப்பேசியும் சன்னலோரப் பகல் வெளிச்சமும் போதும். ஒளியெழுத்துணரியின் விளைவை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை அழித்தல் கூடாது. ரகரமும் துணைக்காலும் வடிவொத்தவையாதலால் ‘பாடம்’ என்பது ‘பரடம்’ என வெளிவரக்கூடும். படங்களை வாட்சப் வழியாகப் படமாக அனுப்பினால் சுருங்கித் தெளிவிழக்கும். ஆவணமாக அனுப்பினால் அவ்வாறு ஆகாது.

ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, ல, ள, ழ வேறுபாட்டைப் பின்னர் ஒலியியல் நோக்கில் அளக்க வேண்டுமெனில் சுருக்கப்படாத ‘வேவ்’ வடிவமே தக்கது. எம்பி3 கேட்பதற்குப் போதும். சுருக்கத்தில் இழந்ததை மீட்க இயலாது. பழைய ஒலிநாடாக்களை எண்ணிமமாக்கும்போதும் முதற்படியை இவ்வடிவிலேயே எடுத்தல் நன்று.

மாணவர் பெயரை நீக்கி எண் இடுதலும், பெற்றோர் இசைவு பெறுதலும் இன்றியமையாதவை. கோப்பின் பெயர் ஆண்டு, திங்கள், நாள் என்னும் வரிசையில் தொடங்கினால் கணிப்பொறி தானே காலமுறைப்படி அடுக்கும். படிகள் இரண்டு இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் பள்ளிக்கு வெளியே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு சிறு குறிப்புரைக் கோப்பை இடுவதற்குப் பத்து மணித்துளிகள் போதும். மாணவரின் வகுப்பு, தாய்மொழி, தமிழ் பயின்ற ஆண்டுகள், எழுதியது தேர்வறையிலா வீட்டிலா, தட்டச்சிட்டவர் ஆசிரியரா மாணவரா, மூல எழுத்துரு எது என்பன அதில் இடம்பெற வேண்டும். இவற்றுள் ஆசிரியர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இறுதியில் கூறிய இரண்டையுமே.