இயக்கத்தைக் காணும் மூளை

நுழையும்முன்

கண்ணால் கண்டதே மெய் என்பது உலகோர் நம்பிக்கை. ஆனால், ஒரு பொருள் எத்திசையில், எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதைக் கண் மட்டும் முடிவு செய்வதில்லை. மூளையே கணித்து உணர்த்துகிறது. அக்கணிப்பு எவ்வாறு நிகழ்கிறது, எங்கே பிழைபடுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நகர்வது எது?

கடலூர் துறைமுகத்தையும் விருத்தாசலத்தையும் இணைக்கும் இருப்புப்பாதையில் அமைந்த நிலையம் குறிஞ்சிப்பாடி. அங்கு ஏறும் பயணி விருத்தாசலம் சந்திப்பை அடைகிறார், வண்டி நிற்கிறது. அடுத்த பாதையில் நிற்கும் வண்டி மெல்ல நகரத் தொடங்கியதும், தம் வண்டியே எதிர்த்திசையில் செல்வதாக அவருக்குத் தோன்றுகிறது. பார்வைப்புலத்தின் பெரும்பகுதி ஒருசேர நகர்ந்தால், நகர்வது தன் உடலே என்று மூளை கொள்கிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் சரியாக அமையும் இம்முடிவு, சன்னலோரத்தில் தவறிவிடுகிறது. அசையாத நடைமேடைத் தூணைக் கண்டதும் மயக்கம் தெளிகிறது.

குறிஞ்சிப்பாடியின் கைத்தறிக் கூடத்திலும் இக்கணிப்பைக் காணலாம். இடமும் வலமும் ஓடும் நாடாவின் உருவம் நெசவாளரின் விழித்திரையில் நகர்கிறது. அவர் கண்ணைத் திருப்பினால் தறி முழுவதன் உருவமும் நகர்கிறது. எனினும், நாடா ஓடுவதாகவும் தறி நிற்பதாகவுமே அவர் காண்கிறார். கண்ணைத் திருப்பும் கட்டளை மூளையிலிருந்தே பிறப்பதால், அதனால் விளையும் மாற்றத்தை மூளை கழித்துவிடுகிறது. எஞ்சியதையே பொருளின் இயக்கமாகக் கொள்கிறது.

இல்லாத இயக்கம்

1912ஆம் ஆண்டு மாக்ஸ் வெர்தைமர் என்னும் உளவியலறிஞர் தம் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். அடுத்தடுத்த இரண்டு இடங்களில் இரண்டு கோடுகளை ஏறத்தாழ 60 மில்லிநொடி இடைவெளியில் காட்டியபோது, ஒரே கோடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்ந்ததாகப் பார்த்தோர் கூறினர். நொடிக்கு 24 நிலைப்படங்களைக் காட்டும் திரைப்படம் ஓடுவதாகத் தோன்றுவதும் மூளையின் இத்தகைய இணைப்பினாலேயே ஆகும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியலறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன், ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ் என்பவருடன் இணைந்து இத்தோற்ற இயக்கத்தை ஆராய்ந்தார். நகரும் பொருள் தன் திசையிலேயே தொடரும், அதன் பகுதிகள் ஒன்றாகவே நகரும் என்பன போன்ற எளிய விதிகளைப் பார்வை கையாள்கிறது என்பதை அவர்கள் விளக்கினர். புற உலகின் இயல்போடு ஒத்த இவ்விதிகளால் மூளை விரைந்து முடிவெடுக்கிறது.

இயக்கக் குருடு

மூளையின் பின்பகுதியில் இயக்கத்தை அறிவதற்கெனச் சிறப்புப் பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்களில் பெரும்பாலானவை, குறிப்பிட்ட திசையில் நகரும் உருவத்திற்கே மிகுதியாகக் கிளர்ச்சியடைகின்றன. இப்பகுதி பாதிக்கப்பட்ட பெண்மணி ஒருவரைப் பற்றி 1983இல் செருமானிய ஆய்வாளர்கள் எழுதினர். அவரால் வண்ணத்தையும் வடிவத்தையும் காண முடிந்தது. ஆனால், கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதாகத் தெரிந்தது. தொலைவிலிருந்த மகிழுந்து திடீரென அருகில் இருந்தது. சாலையைக் கடப்பதே அவருக்கு இடராயிற்று.

கண்ணை நம்பலாமா?

இப்பகுதி நலமாக உள்ளவர்களின் கணிப்பும் இருப்புப்பாதையோரத்தில் பிழைபடுகிறது. உருவில் பெரிய பொருள், அதே வேகத்தில் செல்லும் சிறிய பொருளைவிட மெதுவாகச் செல்வதாகத் தோன்றும். தொடர்வண்டியின் வேகத்தை மக்கள் குறைத்து மதிப்பிட இதுவும் காரணமாகலாம் என்று உளவியலறிஞர் ஹெர்ஷல் லைபோவிட்ஸ் 1985இல் சுட்டிக்காட்டினார்.

நேர் எதிரே வரும் வண்டி இன்னும் ஏமாற்றும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 20 மீட்டரைக் கடக்கிறது. அது 800 மீட்டரிலிருந்து 400 மீட்டருக்கு வந்து, விழித்திரையில் அதன் உருவம் இருமடங்காக 20 நொடிகள் ஆகின்றன. அடுத்த இருமடங்கிற்கு 10 நொடிகள். அதற்கடுத்ததற்கு 5 நொடிகள். தொலைவில் அசையாததுபோல் தெரிந்த வண்டி, இறுதி நொடிகளில் பேருருக் கொள்கிறது. அப்போது எஞ்சியிருப்பது 100 மீட்டர். அதாவது, 5 நொடிகள்.

மூடிய கேட்டின் அடியில் குனிந்து கடப்பவர், வண்டி தொலைவில்தானே வருகிறது என்று எண்ணியே அடியெடுத்து வைக்கிறார். வண்டி வருவதைக் கண் சரியாகவே காட்டுகிறது. கடப்பதற்கு நேரமுண்டு என்னும் முடிவிலேயே பிழை நேர்கிறது. பார்வையின் இவ்வெல்லையை அறிந்தவர், கேட் திறக்கும்வரை காத்திருப்பார்.