நீர்மேல் நகரும் ஒரு துப்பறியும் நவீனமும்

இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரிலே, லா பெனீச்சே என்னும் புகழ்பெற்ற இசைநாடக அரங்கம். வேர்டி என்ற இசைமேதை இயற்றிய 'லா திராவியாற்றா' நடைபெறுகின்றது. இடைவேளை முடிந்துவிட்டது. மக்கள் ஆசனங்களில் அமர்ந்து காத்திருக்கின்றனர். ஆனால், வாத்தியக் குழுவை நடத்தும் ஜேர்மானியப் பேரறிஞர் வரவில்லை. சற்று நேரத்தில் ஒருவர் திரைக்கு முன்னே தோன்றி, சபையிலே வைத்தியர் எவரேனும் உளரோ என வினவுகின்றார். இசையறிஞரோ தமது அறையில் இறந்து கிடக்கின்றார். அவர் அருந்திய கோப்பியிலே சயனைட்டு நஞ்சு கலந்திருந்தது.

இவ்வாறு தொடங்குகின்றது, 1992 ஆம் ஆண்டில் வெளிவந்த 'லா பெனீச்சேயில் மரணம்' என்ற ஆங்கில நவீனம். இதனை எழுதியவர் டொனா லியோன் என்னும் அம்மையார். அமெரிக்காவிற் பிறந்து, வெனிஸில் நெடுங்காலம் வாழ்ந்தவர். புறூனெற்றி என்ற பொலிஸ் அதிகாரியை அவர் முதன்முதலாகப் படைத்தது இந்நூலிலேதான். அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட நவீனங்களில் அவ்வதிகாரி வலம்வந்துள்ளார்.

நேயர்களே, துப்பறியும் கதைகள் பலவற்றில் ஊர் என்பது வெறும் பின்னணித் திரையே. இந்நூலிலோ விசாரணையின் நடையையே ஊர்தான் வகுக்கின்றது. வெனிஸ் நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளின்மேல் எழுந்த நகரம். அவற்றை இணைக்கும் பாலங்களோ நானூறுக்கும் அதிகம். அதன் பழைய வீதிகளில் மோட்டார் வாகனம் ஓடுவதில்லை. ஆகவே, புறூனெற்றி படகிற் செல்கின்றார். அன்றேல் நடந்து செல்கின்றார். குற்றவாளியை வாகனத்தில் துரத்தும் பரபரப்புக்கு இங்கு இடமில்லை. ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், கேட்டதை எண்ணிப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கின்றது, வாசகருக்கும் கிடைக்கின்றது.

மேலும், அது ஒருவரை ஒருவர் அறிந்த சிற்றூர் போன்ற நகரம். புறூனெற்றியின் மனைவி பிரபு குடும்பத்தில் உதித்தவர். பொலிஸ் ஏடுகளில் அகப்படாத செய்திகள் அந்த உறவின் வழியே அவர் செவிக்கு எட்டுகின்றன. ஜூடெக்கா தீவிலே, குளிர் உறைந்த வீட்டில், வறுமையுற்று வாழும் முதிய பாடகி ஒருவரையும் அவர் தேடிச் செல்கின்றார். ஒரு காலத்தில் அரங்குகளை ஆண்ட அவரது வாழ்வு குலைந்த கதையிலே, இறந்த மேதையின் மறுமுகம் தெரியத் தொடங்குகின்றது.

இங்கேதான் நூல் உயர்கின்றது. 'கொன்றவர் யார்?' என்று தொடங்கிய வினா, 'இறந்தவர் யார்?' என்று மாறிவிடுகின்றது. தெய்விகமான இசையைத் தந்த ஒருவர் தம் வாழ்வில் கொடியவராக இருத்தல் கூடுமோ? கலையின் பெருமை மனிதனின் குற்றத்தை மறைக்கலாமோ? விடையை இங்கு வெளியிடுதல் முறையன்று. ஆயினும், உண்மையை அறிந்தபின் சட்டத்துக்கும் நீதிக்கும் இடையே புறூனெற்றி தடுமாறி நிற்கும் கட்டம், நூலை மூடிய பின்னரும் நம்மை விட்டு அகல்வதில்லை.

பெனீச்சே என்பது எரிந்த சாம்பலினின்று மீண்டெழும் புராணப் பறவையின் பெயர். 1792 இல் திறக்கப்பட்ட அவ்வரங்கம் 1836 இல் எரிந்து, மீண்டும் எழுந்தது. 'லா திராவியாற்றா' 1853 இல் முதன்முதல் மேடையேறியதும் அங்கேதான். இந்நவீனம் வெளிவந்து நான்கு ஆண்டுகளின் பின், 1996 இல், அரங்கம் மறுபடியும் தீக்கிரையாயிற்று. தீ வைத்த குற்றத்துக்காக மின்வேலையாளர் இருவர் தண்டிக்கப்பட்டனர். பழைய உருவிலேயே புதுப்பிக்கப்பட்டு, அரங்கம் 2003 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

எரிந்த மண்டபத்தை மீளக் கட்டலாம். இசையின் பெயரால் மறைக்கப்பட்ட தீங்கினால் குலைந்த உயிர்களை அவ்வாறு மீட்டல் இயலுமோ? பொழுதுபோக்குக்கென்று கையில் எடுத்த கதை, இவ்வினாவையே நம்மிடம் விட்டுச் செல்கின்றது.