இரண்டு ரூபாவும் ஒரு டொபியும்: சில்லறை யாருடைய உரிமை?

இருபது வருடங்களுக்கு முன்னர் பதுளைக் கடைத்தெருவில் வாப்பாவின் பலசரக்குக் கடையில் நான் கல்லாவில் இருந்தேன். மாதத்தின் பத்தாம் திகதி தோட்டங்களில் சம்பளம் போடுவார்கள். அதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமிருக்காது. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் மாவும் பருப்பும் கருவாடும் வாங்கினார். இரண்டு ரூபா மிச்சம் கொடுக்க வேண்டும். என்னிடம் குற்றி இருக்கவில்லை. வழமைபோல ஒரு டொபியை எடுத்து நீட்டினேன்.

“சின்ன மொதலாளி, எனக்கு சீனி வருத்தம். டொபி வேணாம். அந்த ரெண்டு ரூவாயத் தாங்க, பஸ்ஸுக்குக் கொறயுது” என்றார்.

பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். “அடுத்த முறை பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த வாப்பா எழுந்து வந்து, தன் சட்டைப் பையிலிருந்த குற்றிகளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். பசறை பஸ் போய்விட்டிருந்தது. அந்த அம்மா அதில் ஏறினாரா, இல்லை குறைந்த காசுக்கு ஏற்ற இடத்தில் இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தாரா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அன்றிரவு வாப்பா ஒரு புதுக் கொப்பியை வாங்கி வந்து கல்லாவில் வைத்தார். கடன் கொப்பி எல்லாக் கடைகளிலும் இருக்கும். இது வேறு கொப்பி. நாங்கள் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய சில்லறை அதில் எழுதப்பட்டது.

அந்தக் கொப்பி ஏன் தேவைப்பட்டது என்பதை விளங்க வேண்டுமானால், சில்லறை ஏன் கிடைப்பதில்லை என்பதை முதலில் விளங்க வேண்டும். நோட்டு கைமாறிக்கொண்டே இருக்கும். குற்றி அப்படியல்ல. கடையிலிருந்து வீட்டுக்கு வந்தால் மேசை லாச்சிக்குள்ளோ உண்டியலுக்குள்ளோ விழுந்து அங்கேயே கிடக்கும். பாரம் என்பதால் அதைத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டு போக நாம் விரும்புவதில்லை. மத்திய வங்கி குற்றி வெளியிடாமல் இல்லை. 2017இல்கூட 1, 2, 5, 10 ரூபா குற்றிகளைப் புதிதாகத் துருப்பிடிக்காத உருக்கில் வெளியிட்டது. வெளியே வந்த குற்றி திரும்பிச் சுற்றாததுதான் பிரச்சினை.

இந்த மலைநாட்டுக்குச் சில்லறைத் தட்டுப்பாடு புதிதும் அல்ல. கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் பிரித்தானிய நாணயம், பழைய நாணயங்கள், இந்திய ரூபா எல்லாம் கலந்து புழங்கின. 1836இல் இந்திய ரூபா இங்கு இரண்டு சிலிங் பெறுமதிக்குச் சட்டபூர்வ நாணயமாக ஏற்கப்பட்டது. சிறிய காசு போதாததால் சில கோப்பிக் கம்பனிகள் தமது பெயர் பொறித்த உலோக வில்லைகளைக் கூலியாகக் கொடுத்தன. காசென்றால் எங்கும் செல்லும். வில்லையோ, அதை ஏற்கிறவரிடம் மட்டுமே செல்லும். இன்று நாம் நீட்டும் டொபியும் அந்த வில்லையின் பேரப்பிள்ளைதான். அதைக் கொடுத்து பஸ்ஸில் ஏற முடியாது. கொடுத்த கடைக்காரரே அதைத் திரும்ப வாங்கமாட்டார்.

1872 ஜனவரி 1ஆம் திகதி முதல் நூறு சதம் ஒரு ரூபா என்ற கணக்கு இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. 1870ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட செப்புச் சதங்களில் சிங்களத்தோடு தமிழிலும் பெறுமதி எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலம் தெரியாத தொழிலாளியும் தன் கையிலிருப்பது எவ்வளவு என்று வாசிக்கக்கூடிய காசு அது. கோப்பி நோயால் தோட்டங்கள் அழிந்த பின்னர், 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் நோட்டுகளை வைத்திருந்தவர்கள் பதறினார்கள். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்க உத்தரவாதம் கொடுத்த பிறகே நிலைமை அடங்கியது. கடதாசியை விட உலோகத்தை நம்பிய நம் முன்னோர்களைப் பழைமைவாதிகள் என்று சிரிப்பதற்கு முன் இதையும் நினைக்க வேண்டும். இன்றும் நாம் தங்கத்தைப் ‘பவுண்’ கணக்கில் பேசுகிறோம். ஏறத்தாழ எட்டுக் கிராம் நிறையுள்ள ஆங்கிலத் தங்க நாணயம் நம் பேச்சில் விட்டுப்போன சொல் அது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகம் அருமையானபோது அரசாங்கம் சதங்களையும் கடதாசியில் அச்சிட்டது. 1942இல் வந்த ஐந்து சத நோட்டின் நடுவே துளைக்கோடு இருந்தது. கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மற்றத் துண்டு மூன்று சதம். அன்றைய ஆட்சிக்குக்கூட ஏழையின் இரண்டு சதத்துக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

“இப்போது இரண்டு ரூபாவுக்கு என்ன வாங்கலாம்?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அதன் பிறகு ஒற்றைக் குற்றிக்கு மதிப்பில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். குறைந்தபட்ச பஸ் கட்டணம் 27 ரூபா என்றிருந்தபோது 30 ரூபா கொடுத்தவருக்கு 3 ரூபா திரும்ப வர வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு பயணம், மாதத்துக்கு 25 நாள் என்றால் அது 150 ரூபா. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதில் சரியாக ஒன்பதில் ஒரு பங்கு! மறுபக்கம், ஒரு நாளைக்கு நூறு பேரிடம் இரண்டு ரூபா வீதம் பிடித்துக்கொள்ளும் கடையில், 300 நாட்களில் 60,000 ரூபா சேர்கிறது. கொடுக்கிறவருக்குத் தெரியாமல் எடுத்தால் அதற்கு என்ன பெயர் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஊவாவின் நகரங்களில் முஸ்லிம் கடைகளுக்கும் தோட்ட மக்களுக்கும் உள்ள உறவு பல தலைமுறை பழையது. பொதிமாடுகளில் உப்பும் புடவையும் ஏற்றி மலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். “பாய் கடையில் அளவு சரியாக இருக்கும்” என்ற பெயர்தான் எங்கள் முதல். அளவையில் குறைப்பவர்களைக் கண்டிக்க குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. படியில் குறைத்தால் பாவம், சில்லறையில் குறைத்தால் வியாபாரம் என்று அதைப் பிரித்துப் பார்க்க முடியுமா? வாடிக்கையாளர் மனம் விரும்பி “வைத்துக்கொள்ளுங்கள்” என்றால் அது வேறு. பின்னால் வரிசை நிற்கும்போது வெட்கத்தில் மௌனமாகப் போவதைச் சம்மதம் என்று எடுக்கக்கூடாது.

இதற்கான வழி நம் ஊரிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் உண்டியலில் குற்றிகள் குவிகின்றன. நிர்வாகிகள் அவற்றை எண்ணிப் பையில் கட்டி வங்கிக்குச் சுமக்கிறார்கள். அதே தெருவில் கடைக்காரர் குற்றிக்கு அலைகிறார். வாப்பா வெள்ளிதோறும் நோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்துக் குற்றிகளை வாங்கி வருவார். கோயில் உண்டியலிலும் தோட்டத்துப் பிள்ளைகளின் மண் உண்டியலிலும் இதே காசுதான் முடங்கிக் கிடக்கிறது. ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. ஆயிரம் ரூபா நோட்டுக்கு 950 ரூபா குற்றி என்று கழிவு வைத்து மாற்றும் பழக்கம் வேண்டாம். ஒரே நாணயத்தை மாற்றும்போது சமமாகவும் கையோடு கையாகவும் இருக்க வேண்டும் என்பதே இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோரின் நிலைப்பாடு.

வீட்டிலும் சேமிப்பு வேண்டும். ஆனால் புதைப்பு வேண்டாம். பிள்ளைகளின் உண்டியலை மாதம் ஒருமுறை திறந்து அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினால் கணக்கும் வரும். பக்கத்துக் கடையில் நோட்டாக மாற்றி அவர்களின் வங்கிக் கணக்கில் போடுங்கள். பழைய சதுர ஐந்து சதம், பூவிளிம்புப் பத்துச் சதம் இருந்தால் எடுத்து வையுங்கள், அது வரலாறு. இன்றைய ஐந்து ரூபாவை வெளியே விடுங்கள். அது இன்னொருவரின் பஸ் காசு.

வாப்பா வபாத்தான பின்னர் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலான வரிகள் வெட்டப்பட்டிருந்தன. வெட்டப்படாமல் கிடந்தவற்றைக் கூட்டினால் 340 ரூபா ஐம்பது சதம். முதல் பக்கத்தின் முதல் வரியில் பெயர் இல்லை. “பசறை பஸ் அம்மா, 2.00” என்று மட்டும் இருந்தது. தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தோம். தேடிக் கிடைக்காதவர்களின் பங்கை அவர்கள் பேரில் சதகாவாகக் கொடுத்தோம். கொப்பி இப்போதும் கல்லாவில் இருக்கிறது. டொபிப் போத்தல் தட்டுக்குப் போய்விட்டது. விலை கொடுத்துக் கேட்பவர்களுக்கு மட்டும்.