மலையேறும் லொறி சூடானால் மெக்கானிக்கை எப்போது அழைப்பது?

பதுளையில் சரக்கேற்றி பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களுக்குப் போகும் நமது வியாபாரிகளில் பலர் இன்னும் பழைய வாகனத்தையே நம்பியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. விலையோ நமது கைக்கு எட்டுவதாயில்லை. ஆகவே இருக்கும் எஞ்சினைக் காப்பது முதலைக் காப்பதாகும்.

மலைப்பாதையில் எஞ்சினுக்கு எமன் சூடு. வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு முப்பது கிலோமீற்றருக்குள் எண்ணூறு மீற்றர் ஏற வேண்டும். பாரத்தோடு சின்ன கியரில் எஞ்சின் வேகமாகச் சுழலும். வாகனம் ஊர்வதால் ரேடியேட்டருக்குக் காற்று போதாது. அத்தோடு உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். அப்புத்தளையில் சுமார் 95 பாகையிலேயே. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் நாம் தப்புகிறோம். அந்த மூடியின் ரப்பர் தேய்ந்ததை யார் பார்க்கிறார்கள்?

எனக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவர், ஊசி சிவப்பைத் தொட்ட பிறகும் "இன்னும் இரண்டு கட்டைதானே" என்று ஓட்டிப் போனார். அலுமினிய ஹெட் வளைந்துவிட்டது. தோட்டச் சம்பள வாரம் முழுவதும் லொறி கராஜில் கிடந்தது. கடன் வசூலும் போயிற்று.

ஊசி ஏறினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். ஓடைத் தண்ணீரை எஞ்சின்மேல் ஊற்றினால் வெடிப்பு விழும். ஆறியபின் ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தால் இறுக்கலாம், தண்ணீர் குறைந்திருந்தால் நிரப்பலாம். இதுவரைதான் நமது வேலை.

வெளியே ஒழுக்கு இல்லாமலே தண்ணீர் குறைவது, ரேடியேட்டருக்குள் குமிழி வருவது, சூடேறிய பின்னும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காதது, டிப்ஸ்டிக்கில் ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருப்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஹெட் கெஸ்கட் போயிருக்கலாம். மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஓடும்போது ஒயில் லைற் சிவப்பாக எரிந்தாலும் அப்படியே. தோட்டம்வரை வர அவர் ஹயர் கேட்பார்தான். எஞ்சின் இறுகிப்போனால் ஆகும் செலவோடு அதை ஒப்பிட முடியாது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய கெஸ்கட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஹெட்டின் மட்டத்தை நேர்கம்பி வைத்துப் பார்க்காமல் புதிய கெஸ்கட்டைப் போட விடாதீர்கள்.