குழந்தை கேட்டவர்களுக்கு ‘இல்லை’ என்றால்...

தத்தெடுக்கத் தகுதியில்லை என்று ஓர் அலுவலகம் முடிவு செய்கிறது. அந்த முடிவு சரிதானா என்று பார்ப்பது யார்? சட்டத்தில் மேல்முறையீடு உண்டு. ஆனால் மனு பெரும்பாலும் அதே நிர்வாகத்தின் அடுத்த மாடிக்குத்தான் போகிறது.

அவர் ஓர் ஆசிரியை. விவாகரத்தானவர். தன் சகோதரியின் குழந்தையைத் தத்தெடுக்க விரும்பினார். குழந்தையைப் பெற்றவர்களுக்குச் சம்மதம். அதிகாரிகளின் ஆய்வறிக்கையும் சாதகமாகவே இருந்தது. ஆனால் மகாராஷ்டிரத்தின் புசாவல் நீதிமன்றம் 2022-ல் மனுவைத் தள்ளுபடி செய்தது. வேலைக்குப் போகும் தனித்த பெண்ணால் குழந்தையைச் சரியாகக் கவனிக்க முடியாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

மும்பை உயர்நீதிமன்றம் 2023 ஏப்ரலில் அந்த உத்தரவை ரத்து செய்து, தத்துக்கு அனுமதி அளித்தது. இல்லத்தரசியான தாயையும் வேலைக்குப் போகும் தாயையும் ஒப்பிட்டுப் பார்ப்பது குடும்பம் பற்றிய பழைமைவாத, இடைக்காலக் கருத்து என்று கண்டித்தது. தனித்து வாழும் பெண் தத்தெடுக்கலாம் என்று சட்டமே சொல்லும்போது, அவர் வேலைக்குப் போவதையே குற்றமாக்கினால் சட்டத்துக்கு என்ன பொருள்?

முடிவெடுத்த இடத்துக்கு வெளியே இருக்கும் ஒருவர் அந்த முடிவைப் புதிய கண்களால் பார்ப்பது ஏன் அவசியம் என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. ஆனால் எல்லோருக்கும் உயர்நீதிமன்றப் படி எட்டுமா என்பது வேறு கேள்வி.

இந்தியாவில் தத்தெடுக்க இரண்டு பாதைகள் உள்ளன. இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்கு 1956-ம் ஆண்டின் இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இருக்கிறது. அதன்படி பெற்றோர் நேரடியாகக் கொடுக்க, மற்றவர் வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது பாதை 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆதரவற்ற, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தைகள் இந்தப் பாதையில் வருகிறார்கள். எந்த மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்பதை, இதற்கு முந்தைய சட்டம் இருந்தபோதே உச்சநீதிமன்றம் 2014-ல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உறுதி செய்தது. அதே தீர்ப்பில், தத்தெடுப்பதை அடிப்படை உரிமையாக அறிவிக்க மறுத்தும் விட்டது.

இந்த இரண்டாவது பாதை முழுவதையும் நிர்வகிப்பது மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம். சுருக்கமாக, காரா. விண்ணப்பிப்பவர் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வருமானம், உடல்நலம், கணவன் மனைவி உறவு, உற்றார் உறவினரின் மனநிலை என எல்லாவற்றையும் விசாரித்து ஆய்வறிக்கை எழுதுவார். உடலும் மனமும் நலமாக இருக்க வேண்டும், பண வசதி வேண்டும், வளர்க்கும் ஆர்வம் வேண்டும் என்கிறது சட்டம். வருமானத்துக்குச் சான்றிதழ் உண்டு, ரத்த அழுத்தத்துக்கு அளவு உண்டு. ஆர்வத்தை எதைக் கொண்டு அளப்பது? அங்கேதான் ஆய்வாளரின் சொந்த அபிப்பிராயம் நுழைகிறது.

தகுதியில்லை என்று முடிவானால், காரணத்தை விண்ணப்பதாரருக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் முறையிடலாம் என்றும் விதிகள் சொல்கின்றன. அந்த முறையீடு போய்ச் சேரும் இடம் காரா. விதிகளை வகுப்பதில் பங்கு, வரிசையை நடத்துவது, மனக்குறையைக் கேட்பது எல்லாம் ஒரே அமைப்பின் பொறுப்பு.

அடுத்த கட்டம் தத்து உத்தரவு. 2022 ஆகஸ்ட் வரை இதை நீதிமன்றங்கள் பிறப்பித்தன. வழக்குகள் தேங்குகின்றன என்று சொல்லி, 2021-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தைக் கலெக்டர்களிடம் கொடுத்தது. 2022 செப்டம்பர் 1 முதல் திருத்தம் அமலுக்கு வந்தது. நிலுவை வழக்குகளை மாற்றுவதில் குழப்பம் ஏற்பட, மும்பை உயர்நீதிமன்றம் 2023 ஜனவரியில் அந்த மாற்றத்தை நிறுத்திவைக்கவும் நேர்ந்தது.

கலெக்டரின் உத்தரவில் குறை கண்டால் 30 நாட்களுக்குள் கோட்ட ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். கூடுமானவரை நான்கு வாரத்தில் அவர் முடிவு சொல்ல வேண்டும். தமிழ்நாடு, கேரளம் போன்ற மாநிலங்களில் கோட்ட ஆணையர் என்ற பதவியே இல்லை. அங்கே அதற்கு இணையான அதிகாரி ஒருவரை மாநில அரசு நியமித்து அறிவிக்க வேண்டும்.

வேகம் என்ற அளவில் இது முன்னேற்றம்தான். ஆனால் உத்தரவிடுபவரும் அதிகாரி, அதை ஆராய்பவரும் அதே நிர்வாக ஏணியில் ஒரு படி மேலே இருப்பவர். வெள்ளம், தேர்தல், ஊர்வலம் என்று ஆயிரம் வேலைகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் கோப்பை அவர் எவ்வளவு நேரம் புரட்டுவார்?

தற்காலிகமாகக் குழந்தைகளை வளர்க்க முன்வரும் வளர்ப்புக் குடும்பங்களின் நிலை இன்னும் விசித்திரம். குழந்தைகள் நலக் குழுவின் மற்ற உத்தரவுகளை எதிர்த்துக் குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகலாம். வளர்ப்புப் பராமரிப்பு பற்றிய முடிவுகளுக்கு விதிவிலக்கு. அந்த மேல்முறையீடு கலெக்டரிடம்தான் போக வேண்டும்.

மறுபரிசீலனை என்பது கேட்டவருக்கெல்லாம் குழந்தை தருவதும் அல்ல. இரண்டு குழந்தைகள் உள்ள தம்பதிகள், சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளையோ எளிதில் இடம் கிடைக்காத குழந்தைகளையோதான் தத்தெடுக்க முடியும் என்கின்றன 2022-ம் ஆண்டின் விதிகள். விதி வருவதற்கு முன்பே பதிவு செய்து காத்திருந்தவர்கள் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் விதியை ஏற்றுக்கொண்டது. எந்தக் குழந்தை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு இல்லை, குழந்தையின் நலனே முதன்மை என்றது. வரிசையில் ஏராளமான தம்பதிகள் இருக்க, 2024-25-ல் நடந்த தத்தெடுப்புகள் மொத்தம் 4,515 மட்டுமே. அதுவே பன்னிரண்டு ஆண்டுகளில் அதிகம் என்கிறபோது, தீர்ப்பின் நியாயம் புரியும்.

இங்கிலாந்து இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டது. தத்துப் பெற்றோராகத் தகுதியில்லை என்று முகமை கருதினால், அதனோடு தொடர்பில்லாத தனிக் குழு ஒன்று விண்ணப்பத்தை முதலிலிருந்து ஆராயும். 2004-ல் தத்தெடுப்புக்குத் தொடங்கிய இந்த ஏற்பாடு, 2009-ல் வளர்ப்புப் பெற்றோருக்கும் விரிந்தது. குழுவில் சமூகப் பணியாளர்களோடு, தத்தெடுத்த அனுபவம் உள்ளவர்களும் இருப்பார்கள். விண்ணப்பதாரர் நேரில் வந்து பேசலாம். கட்டணம் கிடையாது.

ஆனால் அந்தக் குழுவாலும் பரிந்துரைக்கத்தான் முடியும். இறுதி முடிவு பழைய முகமையிடமே இருக்கிறது. விண்ணப்பத்தையே ஏற்காமல் திருப்பி அனுப்பினால் குழுவால் எதுவும் செய்ய முடியாது. பிரிட்டனில் பிறந்த, இந்திய வம்சாவளித் தம்பதிக்கு இதுதான் நேர்ந்தது. வெள்ளைக்காரக் குழந்தைகளே இருக்கின்றன, உங்கள் இனப் பின்னணிக்குப் பொருத்தமில்லை என்ற ரீதியில் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019 டிசம்பரில் ஆக்ஸ்போர்டு கவுன்டி நீதிமன்றம் அது இனப் பாகுபாடு என்று தீர்ப்பளித்து, விண்ட்சர் மெய்டன்ஹெட் நகராட்சி ஏறக்குறைய 1.2 லட்சம் பவுண்டு இழப்பீடு தர உத்தரவிட்டது. அதற்குள் அவர்கள் அமெரிக்காவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுத்துவிட்டார்கள்.

இந்தியாவில் மறுக்கப்பட்டவர் செய்யக்கூடியது என்ன? காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவது முதல் வேலை. வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. ஆய்வறிக்கையில் எந்த வரி பாதகமானது என்று பார்த்து, அதற்கு மட்டும் ஆதாரத்தோடு பதில் தர வேண்டும். மருத்துவக் காரணம் என்றால் வேறொரு நிபுணரின் சான்று உதவும். தத்து உத்தரவு மறுக்கப்பட்டால் 30 நாள் கெடுவைத் தவறவிடக் கூடாது. எல்லாக் கதவும் அடைபட்டால், அரசியல் சட்டத்தின் 226-ம் பிரிவின் கீழ் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

காலம்தான் இதில் பெரிய எதிரி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, தம்பதியின் வயதுக் கூட்டுத்தொகை 85-க்கு மேல் போகக் கூடாது. பதிவு செய்த நாளின் வயதே கணக்கு. பதிவு ரத்தாகி, இரண்டு வருடம் போராடி, மறுபடி பதிவு செய்ய நேர்ந்தால் கூட்டுத்தொகையில் நான்கு கூடிவிடும். கணவருக்கு 43, மனைவிக்கு 40 என்று வரிசையில் நின்ற தம்பதி, 87 என்ற எண்ணோடு கைக்குழந்தைக்கான வரிசையிலிருந்தே வெளியேற வேண்டியதுதான். தவறான மறுப்பு பிறகு திருத்தப்பட்டாலும், போன வருடங்களை எந்த மேல்முறையீடும் திருப்பித் தராது. இல்லத்தில் காத்திருக்கும் குழந்தைக்கும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. வளர வளர அதைக் கேட்டு வருபவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.