எலிமென்ட்: எல்லோரும் உள்ளே பார்க்கக்கூடிய அரட்டைச் செயலி

ஜிமெயில் வைத்திருப்பவர் யாஹூ முகவரிக்கு யோசிக்காமல் மின்னஞ்சல் அனுப்புகிறார். அரட்டைச் செயலிகளில் இந்தச் சுதந்திரம் அரிது. அதைக் கொண்டுவரும் நோக்கத்துடன் 2014-இல் அறிமுகமானது மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறை. அதன் மேல் கட்டப்பட்ட செயலிதான் எலிமென்ட். 2020 வரை அதன் பெயர் ரயட். மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். பிரெஞ்சு அரசு அப்படித்தான் தன் ஊழியர்களுக்கு ட்சாப் என்ற செயலியை உருவாக்கிக்கொண்டது.

ஆனால் நிரல் திறந்திருந்தால் மட்டும் போதுமா? பழைய எலிமென்டில் முதன்முறை நுழைந்தால், பயனர் சேர்ந்திருக்கும் எல்லா அரட்டை அறைகளின் விவரமும் சர்வரிலிருந்து இறங்க வேண்டும். நூற்றுக்கணக்கான அறைகளில் இருப்பவர் திரையைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டியதுதான். கொள்கைக்காக வருபவர் பொறுத்துக்கொள்வார்; மற்றவர் செயலியை நீக்கிவிடுவார். புதிதாக எழுதப்பட்ட எலிமென்ட் எக்ஸ் இந்த முறையையே மாற்றியது. கண்ணில் படும் அறைகள் முதலில் வரும், மற்றவை பிறகு. மையப் பகுதி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு, ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் பொதுவாக இயங்குகிறது. திரை வடிவம் மட்டும் அந்தந்தக் கைபேசிக்கு ஏற்றபடி தனித்தனி.

எதிரில் இருப்பவர் உண்மையிலேயே அவர்தானா என்று உறுதிசெய்யும் இடம் இன்னும் அழகு. அதற்காகப் புரியாத நீண்ட எழுத்து வரிசையை ஒப்பிட யாருக்குப் பொறுமை? எலிமென்ட் இருவர் திரையிலும் 7 சிறு படங்களைக் காட்டுகிறது: நாய், குடை, சாவி என்று. மொத்தம் 64 படங்களிலிருந்து அவை வருகின்றன. இருவரும் தொலைபேசியில் வாசித்துப் பார்த்து, வரிசை ஒத்திருந்தால் பொத்தானை அழுத்தலாம். சங்கேதக் கணக்கு முழுவதையும் செயலியே பார்த்துக்கொள்கிறது.